அப்பா கோத்த மணிகள்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அப்பாவின் வலது கால் முறிந்தது. தினமும் தீவிலிருந்து கடல் தாண்டி அக்கரைக்குப் போய்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், தண்ணீர்மலைப் பக்கம் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டில் மூன்று மாதம் மாவுக்கட்டோடு உட்கார வேண்டியதாயிற்று. முதல் வாரம் தொலைக்காட்சியோடு சண்டை போட்டார். இரண்டாம் வாரம், நான் தூக்கிப்போட்டிருந்த மணிப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார்.

பள்ளி விடுமுறைக்கு அம்மா எனக்கு வாங்கித் தந்த பெட்டி அது. கடுகளவு பாசிமணிகள், பட்டை தீட்டிய பளிங்கு மணிகள், கொஞ்சம் ஊதாக் கற்கள். நான் கோத்தவை கழுத்தில் ஏறுமுன்பே அவிழ்ந்து கொட்டிவிடும். அப்பாவுடையதோ, அத்தனை உயரத்தில் உட்கார்ந்து கொள்கலன்களை இம்மி பிசகாமல் இறக்கிய கை. பிஸ்கட் டின் மூடியில் துணி விரித்து, மணிகளை நிறவாரியாகப் பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு குனிந்தாரென்றால் பக்கத்தில் சோறு ஆறிப்போகும். ஊதாக் கற்களுக்கு இடையே மும்மூன்று பாசிமணிகள் வைத்து எனக்கொரு மாலையும், பளிங்கில் தோடும் செய்தார். அவ்வளவு அழகு.

ஆனால் எதிர்வீட்டுத் தோழி அதைப் பார்த்துவிட்டு, “ஐயே, உங்கப்பா பொம்பளைங்க வேலை பாக்குறாரு!” என்று சிரித்தாள். அது எனக்குள் முள்ளாக நின்றது.

பள்ளிப் பொங்கல் விழாவுக்கு அந்த மாலையைப் போட்டுக்கொண்டு போனேன். டீச்சர் என்னை நிறுத்தி, “யாரும்மா செஞ்சது, இவ்ளோ நைஸா இருக்கு?” என்று கேட்டார். தோழிகள் சுற்றி நின்றார்கள்.

“அம்மா” என்றேன்.

சொன்ன பிறகுதான், என்னோடு விழாவுக்குக் கிளம்பி ஊன்றுகோலோடு பின்தங்கி வந்த அப்பா எனக்குப் பின்னால் நிற்பதைக் கண்டேன். அவர் முகம் மாறவில்லை. “ஆமா டீச்சர், இவங்க அம்மாதான். நல்ல கைத்திறன்லா அவளுக்கு” என்றார்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கைக்குட்டையை அவிழ்த்து, அறுந்துபோன பவள மணிகளை அம்மாவின் முன் மெதுவாகக் கொட்டினார். இறந்துபோன அவருடைய அம்மாவின் மாலை. “கடையில கொடுக்க மனசு வரல. நீங்க கோத்துத் தருவீங்களா?”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தார்.

“பொய் சொல்லக்கூடாதுலா டீச்சர்” என்றார் அம்மா. “எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. எல்லாம் இவரு செஞ்சது.”

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன், காது சுட்டது.

“நான்தான் டீச்சர் அப்படிச் சொல்லச் சொன்னேன்” என்றார் அப்பா. “ஆம்பள மணி கோக்குறேன்னு வெளிய சொல்ல வெட்கமா இருந்துச்சு. பாப்பாவ ஒண்ணும் கேட்காதீங்க.”

பிறகு மணிகளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். தொலைந்துபோன பவளங்களின் இடத்தில் சிவப்புப் பாசிமணிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே முடிச்சிட்டு, மத்தியானம் முழுவதும் கோத்தார். டீச்சர் அதை அங்கேயே அணிந்துகொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றார். அம்மா தேநீர் கலக்கினார். மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் எனக்கும் பயம் விட்டுப்போயிற்று.

அப்பா என்னிடம் அப்படி எதுவும் சொல்லச் சொன்னதேயில்லை. ஆனாலும் அவரே தன் வாயால் சொன்ன பிறகு, அவருக்கு வெட்கம்தான் என்று நம்பிவிட்டேன். நல்லவேளை, அன்று நான் முந்திக்கொண்டு அம்மா பெயரைச் சொன்னேன் என்றுகூடத் தோன்றியது. திங்கட்கிழமை தோழிகளைக் கூட்டிவைத்து, “எங்கப்பாகிட்ட மணியப் பத்தி யாரும் கேட்காதீங்க, அவருக்கு வெட்கம்” என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். அவரை நான் காப்பாற்றிவிட்டதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.