ஜரினா நிறுத்தச் சொன்ன சிக்னல்

ஜரினா இறந்த செய்தி உங்களில் பலருக்கு என் கைப்பேசியிலிருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு நம் கார் வகுப்பு வாட்ஸப் குழுவில் "ஜரினா போய்விட்டாள்" என்று இரண்டே சொல் எழுதினேன். எங்கே போய்விட்டாள் என்று முலுண்டிலிருந்து ஒருத்தி திருப்பிக் கேட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அன்று காலை ஏழு மணிக்குத்தான் அதே குழுவில், மழைக்கு முன்னால் வைப்பர் ரப்பரை மாற்றாதவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லித் திட்டி ஜரினா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட காதோடு என் செய்தியைப் படித்தால் யாருக்கு விளங்கும்? ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதை எழுதிய எனக்கே விளங்கவில்லை. இன்னும் விளங்கவில்லை. நாற்பத்தொன்பது வயது. தலைவலி என்று சொல்லிக்கூட ஒரு ஞாயிறு வகுப்பை விட்டவள் இல்லை.

அன்றைக்கு அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டியை ஓட்டியது நான். செம்பூரில் சிவப்பு விளக்குக்கு நான் வண்டியை நிறுத்தினேன் என்பது உண்மையா என்று நம்மில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். கேட்காதவர்களும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மைதான், நிறுத்தினேன். அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

நான் கார் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாட்டுங்காவில் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதுதான் அது ஓடிய பெரிய ஓட்டம். லைசென்ஸ் இருந்தது, தைரியம் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வெட்கம். வெள்ளிக்கிழமைதோறும் உறையை விலக்கி, ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, மறுபடி உறை போட்டுவிட்டு மாடி ஏறிவிடுவேன். வண்டியைப் பராமரிப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை எஞ்சின் முனகக்கூட இல்லை. இரண்டாம் மாடிப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க வந்திருந்த ஜரினா, தன் பழைய காரை என் காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தி, ஒயர் போட்டு உயிர் கொடுத்தாள். என் வெள்ளிக்கிழமை வழக்கத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். ஸ்டார்ட் செய்ய எடுத்த சக்திகூட ஐந்து நிமிஷத்தில் பேட்டரிக்குத் திரும்பாது என்று விளக்கிவிட்டு, "நீங்க கார் ஓட்டலை மாமி, கார் வளக்குதிய" என்றாள். அவளுக்கும் என் வயதுதான். மாமி என்று கூப்பிடாதே என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மாட்டுங்காவில் வங்கி வேலை பார்க்கும் எவளும் மாமிதான் என்பது அந்தத் தாராவிக்காரியின் தீர்ப்பு.

தாராவியில் பிறந்தவள் என்றாலும் வீட்டுப் பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. பத்து வருஷம் விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டிவிட்டுத்தான், வீட்டில் கார் இருந்தும் ஓட்டப் பயப்படும் நம்மைப் போன்ற பெண்களுக்கு வகுப்பு எடுக்க வந்தாள். சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்த பின்சீட் பெல்ட் கொக்கியை நம் கையாலேயே தோண்டி எடுக்கவைத்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். நகம் உடைந்தவர்களும் நம்மில் உண்டு.

முதல் வகுப்பிலேயே எனக்கும் அவளுக்கும் சண்டை. டாஷ்போர்டின் இடது பக்கம் ஒரு பித்தளைப் பிள்ளையாரைப் பசை போட்டு ஒட்டிவைத்திருந்தேன். அதற்குக் கீழேதான் ஏர்பேக். எங்கேயாவது மோதி அது விரிந்தால், பித்தளை நேராக இடது சீட்டில் இருப்பவர் முகத்துக்கு வரும். எதையும் பட்டென்று சொல்கிறவள், அன்று மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சாமியைத் தான் தொடமாட்டேன், நீங்களே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பிள்ளையாரைப் பற்றி நீ என்ன சொல்வது என்று கேட்கவில்லை, ஆனால் முகத்தில் அது இருந்திருக்கும். அடுத்த இரண்டு ஞாயிறும் பிள்ளையார் அங்கேயே இருந்தார். ஜரினா மறுபேச்சுப் பேசாமல் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாத ஒருத்திக்குக் கற்றுக்கொடுத்தாள். தன் முகத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் உட்கார்ந்தாள். மூன்றாம் ஞாயிறு காலை எனக்கே அவமானமாகிவிட்டது. பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்துக் கியர் பக்கத்துப் பள்ளத்தில் வைத்தேன். "இனி அவுகளும் பத்திரம், நானும் பத்திரம்" என்றாள், அவ்வளவுதான்.

சான்பாடாவிலிருந்து வருகிற நம் தோழி ஒருமுறை, மகனைப் பரீட்சைக்கு விடும் அவசரத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். ஜரினா திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் திட்டவில்லை.

"ஒங்க அவசரம் ஒங்களுக்குத் தெரியும். எதுத்தாப்ல வாரவனுக்குத் தெரியாதுல்லா? ஆம்புலன்சுக்குச் சைரன் இருக்கு. நம்ம நெத்தியில என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

அன்று கேட்டபோது நன்றாகச் சொன்னாள் என்று தலையாட்டினேன். சொல்வது யாருக்கும் சுலபம் என்றும் உள்ளுக்குள் நினைத்தேன்.

அந்த ஞாயிறு, கடற்கழிப் பாலத்தைத் தாண்டி சான்பாடா வரை நானே ஓட்டிப் போய்த் திரும்புவது என்று ஏற்பாடு. கிளம்புமுன் டயர் சூடாகாதபோதே காற்றழுத்தம் பார்த்தோம். பாலத்தில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். "பயப்படாம பிந்தாஸ் ஓட்டுங்க" என்று அவள் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வந்தாள். திரும்பும்போது மான்கூர்டு தாண்டியதும் ஏசியைக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். மறுபடியும் கூட்டச் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் துப்பட்டா நனைந்திருந்தது. வாய்வு என்றாள். பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் கட்டச் சொன்னாள். கட்டினேன். பதறிக் கதவைத் திறக்கப்போன என் கையைப் பிடித்து, முதலில் கண்ணாடியைப் பார்க்கவைத்தாள். பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு கடந்து போனது. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்குக் கண்ணாடி பார்க்கக் கற்றுக்கொடுக்கிறாள்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அது வந்து சேருவதற்குள் நாமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், நீங்கள் ஓட்டுங்கள் என்று சொன்னதும் அவள்தான். என்னால் முடியாது என்றேன். "ஓட்டுவிய" என்றாள். அவள் சீட்டைப் பின்னால் சாய்த்துவிட்டு ஓட்டினேன்.

செம்பூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. விளக்குக்குப் பக்கத்தில் எண் எழுபத்திரண்டு. எனக்கு முன்னால் வண்டி ஏதும் இல்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவள் கண்களை மூடியிருந்தாள். கியர் மேல் இருந்த என் கையின் மேல் அவள் கை வந்து விழுந்தது. சில்லென்று இருந்தது.

"நில்லுங்க மாமி. அவனுக்குத் தெரியாது."

நின்றேன். எழுபத்தொன்று, எழுபது. ஒரு பஸ் திரும்பியது. இரண்டு ஸ்கூட்டர்கள், ஒரு சிலிண்டர் வண்டி. நான் போயிருந்தால் இடித்திருப்பேனா, தெரியாது. ஒரு குழந்தை குறுக்கே ஓடியது, நல்லவேளை நிறுத்தினேன் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. எண் இறங்கியது, நான் ஜரினாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்து நான்கு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்து சொன்னார். அந்த எழுபத்திரண்டு விநாடியைப் பற்றி அவரிடம் கேட்டேன். அப்படிக் கணக்குச் சொல்ல முடியாதம்மா என்றார்.

மூன்றாம் நாள் தாராவிக்குப் போனேன். ஜரினாவின் கணவர் காதர் பாய் தோல் பை தைக்கிறவர். மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். சிக்னலில் நின்றது யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது என்று போயிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்தபிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"நீங்களா நின்னியளா, அவ சொல்லி நின்னியளா?"

"அவதான் சொன்னா. எதிர்ல வரவனுக்குத் தெரியாதுன்னா."

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்போ கடைசி வரைக்கும் அவ அவளாத்தான் இருந்திருக்கா. எனக்கு அது போதும் மாமி. ஒங்களுக்குப் போதாதுன்னா நான் என்ன சொல்லட்டும்?"

எனக்குப் போதவில்லை. மறைப்பானேன். தூக்கம் கலைந்தால் அந்தச் சிவப்பு எண்தான் ஓடுகிறது. போயிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், அவள் கையைத் தட்டிவிட்டுப் போயிருந்தால் எந்த முகத்தோடு காதர் பாய் முன்னால் நின்றிருப்பேன் என்று தோன்றுகிறது.

வண்டி இரண்டு வாரம் கீழே நின்றது. வெள்ளிக்கிழமை போய் ஐந்து நிமிஷம் ஓடவிடவில்லை, அதை மட்டும் செய்யமாட்டேன். அவளுடைய காற்றழுத்தம் பார்க்கும் கருவி என் கார் டாஷ்போர்டுப் பெட்டியிலேயே கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். டயர் பார்க்க ஆள் இருக்கிற வண்டியில் இருக்கட்டும் என்று காதர் பாய் என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார். இந்த ஞாயிறு காலை அதை எடுத்து நான்கு டயரையும் பார்த்தேன். முன் இடதில் காற்றுக் குறைவு. நிரப்பிக்கொண்டு, முதல்முறையாகத் தனியாக, செம்பூர் வரை போனேன்.

அதே சிக்னல். அதே சிவப்பு. முன்னால் வழி காலி. பின்னால் ஒருவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். பக்கத்துச் சீட் அன்று நான் சாய்த்தபடியே சாய்ந்திருக்கிறது, நிமிர்த்த இன்னும் கை வரவில்லை. கியர் மேல் கையை வைத்துக்கொண்டு எழுபத்திரண்டும் முடியும்வரை நின்றேன். ஜரினாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கருவியும் இப்படி நிற்பதும்தான். எதிரில் கடந்துபோன யாருக்கும் அது தெரியாது.