நாறாத மீன் உரம்

பூச்சிமருந்தும் ரசாயன உரமும் படாத காய்கறி விற்கும் பிரிக்பீல்ட்ஸ் கடையில் இன்று ஒரு புட்டி மீன் உரம் பார்த்தேன். மீன் தலையையும் சீனியையும் ஊறவைத்து, தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றுவது.

முன்பிருந்த பெட்டாலிங் ஜெயா வீட்டின் பின்புறம், என் கணவர் உயிரோடிருந்தவரை வெண்டைச் செடிகளுக்காக வாளி வாளியாகச் செய்வார். தெருவே மூக்கைப் பிடிக்கும்.

ஆசையாக மூடியைத் திறந்து முகர்ந்தேன். லேசான புளிப்பு வாசனை, அவ்வளவுதான்.

“இது நாறவே இல்லையே, தம்பி?”

“சரியா செஞ்சா நாறாது ஆன்டி. சீனி கம்மியா போட்டாதான் அழுகிடும்.”

டாக்டர் எச்சரித்ததிலிருந்து தன் கோப்பிக்கு மட்டுமல்ல, மீனுக்கும் சீனியைக் குறைத்தவர் என் கணவர்.

எந்தக் கடையிலும் ஒரு வாடிய கீரையைக்கூட வாங்காதவள் நான். இன்று கேட்டேன்:

“கெட்டுப்போனது இருக்கா?”

“ஒண்ணு இருக்கு. கொட்டத்தான் வச்சிருக்கேன். அது எதுக்கு ஆன்டி?”

“குடுங்க.”

திறந்தேன். கடைக்காரத் தம்பி நாலடி தள்ளிப் போனார். எனக்கோ, பின்கதவில் கைகூடக் கழுவாமல் என் கணவர் வந்து நின்று, “கோப்பி இருக்கா?” என்று கேட்பது போலிருந்தது. மூட மனம் வரவில்லை.

புட்டி இப்போது என் பால்கனியில் இருக்கிறது. என்னிடம் ஒரு செடிகூடக் கிடையாது.

எங்கள் கொண்டோ அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில், “எங்கயோ எலி செத்துக் கெடக்கு லா, பாருங்க” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் தேடுவதாகப் பதில் போட்டிருக்கிறேன்.

அண்டை வீட்டார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து காட்டிக்கொடுக்காதீர்கள். வெண்டைச் செடி வைத்திருப்பவர்கள் மட்டும் சொல்லுங்கள். பாதி தருகிறேன்.