மழையில் பிடித்த கை

என் மகள் நஸ்ரின் சந்தாபுரா பக்கம் ஒரு இஸ்லாமியப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். ஆண், பெண் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிற பள்ளி. பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெள்ளை முக்காடு. நான் ஆறாவதோடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பள்ளி விடும் நேரம் நல்ல மழை. வாசலில் நெரிசல், ரோட்டில் வரிசையாக லாரிகள். வீட்டுக்குப் போகிற அத்திபெலே பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில், பக்கத்தில் வந்த முக்காட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பஸ் ஸ்டாப்பில் தலை துவட்டக் குனிந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். அது நஸ்ரின் இல்லை.

யா அல்லாஹ், என் பிள்ளை எங்கே? அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்ப ஓடினேன். வாசலில் டீச்சர் கையைப் பிடித்தபடி நஸ்ரின் நின்றிருந்தாள். அந்தப் பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே, "யார் இழுத்தாலும் போயிடுவியாடி?" என்று கேட்டார்.

"ஆன்ட்டி வேகமா இழுத்தாங்கம்மா. பேசினா திட்டுவாங்களோன்னு பயமா இருந்துச்சு."

அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் நஸ்ரின் சாதாரணமாகச் சொன்னாள்: "நீ எப்பவும் அப்படித்தாம்மா இழுப்ப. நானும் பேச மாட்டேன்."

இப்போதெல்லாம் முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன். "இன்னிக்கு என்னடி நடந்துச்சு?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கிற வரை வாசலிலேயே நிற்கிறேன். சில நாள் பஸ் போய்விடுகிறது. அடுத்த பஸ்ஸில் வருகிறோம்.