இரண்டாம் ராசாவின் பெயர்

பிலோமினா அக்கா காலமான செய்தி, ஊர்காவற்றுறையில் நான் நடத்தும் கணினிக் கடைக்குக் காலையிலேயே தொலைபேசியில் வந்துவிட்டது. பாலர் பாடசாலைக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டவர், வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். அழுது முடிவதற்குள் வெளிநாட்டிலிருந்து இன்னொரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அக்காவின் உறவினர் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைகள் அக்காவுக்கு மட்டும்தான்.

அக்கா மண்டைதீவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் சவிரிமுத்து அண்ணை கடற்றொழிலாளி, கூத்தில் ராசா. எங்கள் பக்கத்துக் கூத்து விடியும்வரை நடக்கும். ஒரே ராசாவை ஒருவரே பாடி முடித்தால் தொண்டை போய்விடும் என்பதால், முன்னிரவுக்கு முதலாம் ராசா, நடுச்சாமத்துக்குப் பிறகு இரண்டாம் ராசா. இரண்டாம் ராசா சவிரிமுத்து அண்ணை. போர்க்காலத்தில் ஒருநாள் தொழிலுக்குப் போய்க் கரை திரும்பியவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அவரைக் கண்டவர் இல்லை. அவரைத் தேடி அக்கா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோரும் இல்லை. கையில் அவருடைய படமொன்று இருந்தது. குரல் எதிலும் பதிவாகி இல்லை என்றே நினைத்திருந்தார்.

சமாதான காலத்தில் அந்தச் சீடி வந்தது. யாரோ ஊரைவிட்டுப் போகும்போது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன கூத்துக் கசெற்றை, வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கம் சீடியாக்கி அனுப்பியிருந்தது. கணினியில் ஏற்றிப் பிரதி எடுத்துக் கொடுப்பது என் வேலை. சீடியைப் போட்டதும் கணினி, முதலாம் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று வெறும் இலக்கங்களைக் காட்டியது. பாடியவர் யாரென்று தெரியாது என்று ஆங்கிலத்தில் எழுதியது. இணையத்தில் தேடச் சொன்னால், பாட்டுகளின் நீளம் ஒத்துப்போன ஏதோவொரு சினிமாச் சீடியின் பெயர்களைக் கொண்டுவந்து கொட்டியது. எங்கள் கூத்தில் வரும் மந்திரியின் பாட்டு காதல் பாட்டாகிவிட்டது.

செய்தி கேள்விப்பட்டு வந்த அக்கா, ஏழாவது பாட்டில் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டார். திரையில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டார். வாசித்துச் சொன்னேன்.

"தெரியாதாமோ? எனக்குத் தெரியும். எழுதும், தம்பி."

பாட்டுப் பாட்டாகக் கேட்டு, எது எந்த ராசா என்று பிரித்தோம். அக்கா தன் காதை மட்டும் நம்பவில்லை. கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரிடம் போய்க் கேட்டு, அவரும் ஆமென்ற பிறகுதான் என்னை எழுத விட்டார். ஏழு முதல் பதினொன்று வரை சவிரிமுத்து அண்ணை. எழுதி முடித்ததும், திரும்ப ஒருக்கால் போடச் சொன்னார்.

அடுத்த மாதம் சங்கத் தலைவர் ஊருக்கு வந்தார். அவர்தான் அந்தக் காலத்து முதலாம் ராசா. என் கணினியைப் பார்த்தவர், ராசா என்றால் ஒரு பெயர்தான் போடவேண்டும், இரண்டு போட்டால் வெளிநாட்டுப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்றார். எந்தப் பெயர் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. இல்லாத ஆளின் பெயரைப் போட்டு இனி என்ன பயன் என்றும் சொன்னார், அக்காவின் முகத்துக்கு நேரே.

அக்கா சத்தம் போடவில்லை. "இல்லாத ஆளெண்டு நீங்கள் சொல்ல ஏலாது. அவரைக் கொண்டுபோனவங்களே இன்னும் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார்.

அந்த மனிதர் திரும்பிப் போய், தன் பெயரைப் போட்டே ஊரிலும் வெளிநாட்டிலுமாக ஆயிரம் வீடுகளுக்குப் பிரதி அனுப்பினார். ஊரில் கணினி இருந்த வீடுகளுக்கெல்லாம் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனார். புளியங்கூடல், அனலைதீவு என்று அலைந்து, ஒவ்வொரு கணினியிலும் பெயரைத் திருத்தினோம். சிலர் தேத்தண்ணி தந்தார்கள். சிலர், விசர் மனுசி என்று உள்ளே சிரித்தது வெளியே கேட்டது. அக்காவுக்கும் கேட்டது. வெளிநாட்டு வீடுகளுக்கு மட்டும் எங்களால் போக முடியவில்லை. தலைவருக்கு எத்தனையோ தடவை தொலைபேசி எடுத்தார். கூட்டத்தில் இருக்கிறாராம், குளிக்கிறாராம், நித்திரையாம்.

இனி அந்த இரண்டாவது அழைப்பு. அக்கா இறந்த அன்று சங்கத்தின் இணைய வானொலியில் அஞ்சலி சொன்னார்களாம். அன்னாருக்கு மிகப் பிடித்த பாட்டு என்று ஒன்பதாவது பாட்டை ஒலிபரப்பினார்களாம். பாடியவர் எங்கள் மதிப்புக்குரிய தலைவர் என்றார்களாம். அவர் அந்த நிகழ்ச்சியிலேயே இருந்தாராம். வாய் திறக்கவில்லையாம். ஒரு பெண்ணின் சவப்பெட்டி வீட்டைவிட்டு வெளிக்கிடும் முன்னரே அவருடைய புருசனின் குரலை எடுத்துத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ள ஒரு மனிதனால் முடிகிறது. வெட்கம் என்பது சிலருக்குக் கிட்டவும் வராது போலும்.

இந்த மலர் வெளிநாடுகளுக்கும் போகும். வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் கணினியில் அந்தக் கூத்தைத் திறவுங்கள். ஏழிலிருந்து பதினொன்று வரை, பாடியவர் என்ற இடத்தில் இருக்கும் பெயரை அழித்துவிட்டு, சவிரிமுத்து என்று எழுதுங்கள்.

சேமக்காலையில் அக்காவின் தலைமாட்டில் சிலுவை நட்டு, அதில் அவர் பெயரை எழுதிவிட்டு வந்தோம். அண்ணையின் பெயரை எழுத எங்களிடம் சிலுவையும் இல்லை, குழியும் இல்லை. இருப்பது அந்த ஐந்து பாட்டுகளின் பக்கத்தில், பாடியவர் என்ற அந்த இடம்தான்.

போய் வாருங்கள், அக்கா. மிச்ச வீடுகளுக்கு நான் போகிறேன்.