கரண்ட் அடித்த எங்கள் லைன் வீட்டுச் சுவர்

போன மழைக்காலத்தில் என் மகள் ஜெனிபர் ஈரக்கையோடு எங்கள் வீட்டு இரும்புக் கதவைத் தொட்டாள். கரண்ட் அடித்துத் தூக்கி எறிந்தது. உள்ளங்கை வெந்துபோனது. பிள்ளை உயிர் பிழைத்ததே தேவகிருபை.

புதுப்பட்டினத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். சுவரெல்லாம் ஓதம், உள்ளே பழைய ஒயர். மழை பெய்தால் சுவரே ஷாக் அடிக்கும். என் கணவர் ஓனரிடம் போய்ச் சொன்னார். "புடிக்கலன்னா காலி பண்ணு" என்று பதில் வந்தது. வேறு வீடு தேடினோம். எங்கள் கூலிக்கு ஒன்றும் அமையவில்லை. வானம் கறுத்தாலே ஜெனிபரைப் பாயை விட்டு இறங்க விடமாட்டேன்.

"ஆண்டவரே, எங்களை இங்கேயிருந்து கூட்டிக்கொண்டு போங்கப்பா" என்று தினமும் அழுதேன்.

ஒருநாள் காலை ஜெபத்தில் இருந்தபோது கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு செல்வி அக்கா. மீன் விற்பவர். ஒரு குழாயடிச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே கிடையாது.

"கொழந்த கை இப்போ எப்டி கீது?" என்றார். "என் வூட்லயும் செவுரு ஷாக் அடிக்குது. ஒருத்தரா போனா வெரட்டுறாரு. எல்லாருமா போலாம், வா."

எனக்கு ஒரே பயம். ஆனாலும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனேன். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஓனர் வாசலில் நின்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவங்கள கூட்டினு வந்தது நீதான? நாளைக்கே காலி பண்ணு" என்று செல்வி அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

நான் யாரையும் எதிர்த்துப் பேசியவள் இல்லை. அன்று அந்தத் தைரியத்தைக் கொடுத்தவர் ஆண்டவர்தான். வீட்டுச் சாவியை எடுத்து ஓனர் வாசற்படியில் வைத்தேன்.

"அக்காவ அனுப்புனா எங்களயும் அனுப்பிடுங்க சார்."

போக்கிடம் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குள் ஒவ்வொருவராக வந்து என் சாவிக்குப் பக்கத்தில் தங்கள் சாவியை வைத்தார்கள்.

சத்தம் கேட்டு ஓனரின் மனைவி வெளியே வந்தார். ஜெனிபரின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துப் பார்த்தார். "இத பாத்தீங்களா? மொதல்ல ஆளக் கூப்ட்டு ஒயர மாத்துங்க" என்று கணவரிடம் சொன்னார். அவர் சாவிகளையெல்லாம் எடுத்து எங்களிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே எலக்ட்ரீஷியன் வந்தார். எல்லா வீட்டுக்கும் புது ஒயர் போட்டார்கள். அதே கூட்டமாக ஊராட்சி அலுவலகத்துக்கும் போய்க் கேட்டு, இருட்டாகக் கிடந்த எங்கள் சந்துக்கு விளக்கு வாங்கினோம். ஜெனிபரின் கையும் ஆறிவிட்டது.

என் குடும்பம் மட்டும் தப்பித்துப் போகத்தான் நான் கேட்டேன். என் தேவன் அத்தனை குடும்பத்தையும் காப்பாற்றினார். இப்போது அந்தக் குடும்பத்தார் பெயர்களையெல்லாம் சொல்லித்தான் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, இப்படிப் பயந்து பயந்து யாராவது குடியிருந்தால் ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். ஜெபித்து எழுந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.