வாகை மரம் கழிக்கும் மாதம்

பெரிய மரத்துக்குக் கொப்பு கழிக்க எது நல்ல மாதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆவணிக் கடைசி, தப்பினால் புரட்டாசி முதல் பாதி. சித்திரையில் வெட்டினால் வெட்டுவாய் காய்ந்து வெடித்துவிடும். ஆடியில் கச்சான் காற்று ஆளை மரத்தில் நிற்கவிடாது. ஐப்பசி மழையில் வெட்டினால் அழுகும். இதெல்லாம் எங்கள் வீட்டு வாகையைக் கழிக்க வருஷாவருஷம் வந்த அண்ணாச்சி சொன்னது. ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆள், தோளில் வடமும் இடுப்பில் அரிவாளுமாக வருவார். இதையெல்லாம் தெரிந்துவைத்து நான் என்ன வாழ்ந்துவிட்டேன்!

அந்த வாகை கச்சான் காற்றுக்கு வளைந்து கிழக்கே சாய்ந்து வளர்ந்திருந்தது. அதன் பெரிய கொப்பு, நான் படுக்கும் அறையின் ஓட்டுக்கு நேர் மேலே. என் வீட்டுக்காரருக்குக் கொழும்புத் தோணியில் வேலை. உலகச் சண்டைக் காலம், போனவர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் புறப்பட்டவர், "மழைக்கு முந்தி அந்தக் கொப்ப எறக்கிரு ஏளா. போன வருஷம் பக்கத்து வீட்டுல அவுக மரத்துக் கொப்பு ஓட்டுல விழுந்துச்சுல்லா?" என்றார். விழுந்து ஒருத்தியின் கால் நசுங்கியது எனக்கும் நினைவிருந்தது.

அவர் போனபோது நான் கடைசியாகத் தலைக்கு முழுகி நாற்பது நாள் ஆகியிருந்தது. அவரிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். முன்னாலும் ஒரு தடவை இப்படி நாள் தள்ளிப்போய், வாய் அடக்கம் இல்லாமல் தெருவுக்கே சொல்லித் தொலைத்திருந்தேன். முத்துக் குளிக்கிற ஊர் இல்லையா, "ஊருக்கு முழுகுனாத்தான் முத்து, ஒனக்கு முழுகாம இருந்தாத்தான் முத்து" என்று குழாயடியில் கேலி செய்து சிரித்தார்கள். பத்து நாளில் அது ஒன்றுமில்லாமல் போனது. பிறகு அதே வாய்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை ஈ காக்கைக்கும் சொல்வதில்லை என்று இருந்தேன்.

அண்ணாச்சி வந்தார். வடத்தைக் கீழே போட்டு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். எந்த வீட்டிலும் அரிவாளை எடுக்கும் முன் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"தங்கச்சி, வீட்டுல முழுகாம யாரும் இருக்காவளா?"

வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் பச்சை மரத்தை வெட்ட மாட்டார்கள். ஆமாம் என்றால் வடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். கொப்பும் என் தலைக்கு மேலேயே தொங்கும்.

"இல்ல அண்ணாச்சி."

"நெசமாத்தானே?"

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன்.

கொப்பை இறக்கிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் கரு கலைந்துவிட்டது. மரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என் மனசில்தான் ஏறவில்லை, இன்றுவரை ஏறவில்லை. வாயைத் திறந்து 'ஆமா' என்று சொல்ல எனக்கு என்ன கேடு வந்தது?

ஐப்பசியில் புயலடித்து, தெருவில் பாதி வீடுகளின் ஓடு பறந்தது. எங்கள் கூரையில் ஒரு ஓடும் அசையவில்லை. திரும்பி வந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி! நேரம் பாத்து எறக்கிட்டியே" என்றார். பாவி நான், அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டு அவருக்குச் சோறு போட்டேன்.

அடுத்த புரட்டாசியிலும் அண்ணாச்சி கேட்டார். "இல்ல" என்றேன். அதற்கடுத்த வருஷமும் அதேதான். அப்போது அது பொய்யில்லை. ஆவணி பிறந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நின்று, இந்த வருஷமாவது அந்த மனுஷனை மரத்தில் ஏறவிடாமல் நான் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அழுவேன்.

வெள்ளைக்காரன் போன மறு வருஷமும் புரட்டாசி முதல் வாரத்தில் வந்தார். வடத்தைக் கீழே போட்டு மரத்தைச் சுற்றி வந்தார். வழக்கமான 'இல்ல'வைச் சொல்ல நான் வாசல்படியில் நின்றிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, ஒண்ணும் கேக்கலியே?" என்றேன்.

மேலே போனவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "தள்ளி நில்லு தங்கச்சி. கொப்பு விழும்."