உருமால் கட்டும் கை

மேளக்காரர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். பெண்வீட்டுக்குப் போக வேண்டிய பிக்கப் வண்டிகள் வாசலில் நின்றன. என் மகன் வெறுந்தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் உருமால் கட்டினால்தான் அவன் மாப்பிள்ளை. கட்டாமல் ஒரு வண்டியும் நகராது.

தாய்மாமன், என் மனைவியின் அண்ணன். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்துவிட்டது. இடது காலும் இழுத்துக்கொண்டு வந்தது. உருமாலுக்கு இரண்டு கை வேண்டும்.

எங்கள் மலையில் ஆணின் தலைத்துணிக்கு வேலை அதிகம். குச்சிக்கிழங்கு பிடுங்கும்போது வேர்வையை மறிக்கும் முண்டாசு. செம்மேட்டுச் சந்தைக்குப் பலா சுமந்தால் அதுவே சும்மாடு. கோயில் வாசலில் தானாக இறங்கி இடுப்புக்குப் போய்விடும். அப்பன் செத்த வீட்டில் மாமன் மச்சான்கள் அதை மகன் தலையில் கட்டுவார்கள். எனக்கும் கட்டினார்கள், அன்று முழுக்கக் கழுத்து வலித்தது. கல்யாண உருமால் இவை எதிலும் சேராது. நீள வெள்ளைத் துணி அடுக்கடுக்காக ஏறி, நுனி காதோரம் தொங்க வேண்டும். தாலி ஏறும்வரை அவிழக் கூடாது. அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

அதனால்தான் மச்சானின் பெரியப்பா மகன் தோளில் புதுத்துண்டோடு என்னிடம் வந்தார்.

"அண்ணனுக்குச் சிரமமுங்க. நானும் தாய்மாமன் முறைதானுங்களே. நான் கட்டிப்போடறேன்."

குரலில் இரக்கம் இருந்தது. கண்ணில் கணக்கு இருந்தது. இன்று கட்டுகிற வீட்டுக்குத்தான் இனி என் மகளின் சீரிலும் முன்வரிசை. மச்சான் பின்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

என் மனைவிக்குக் கேட்டுவிட்டது. "எங்கண்ணன் கட்டோணும். இல்லீன்னா எம்மவன் மணையிலயே கெடக்கட்டும்."

நான் பயந்தாங்கொள்ளி. நாமக்கல் கடையில் ஒரு ரெடிமேட் தலைப்பாகை வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். வடக்கத்தி ராஜா வேஷம்; முன்னால் சிவப்புக் கல், அதன் மேல் இறகு. அதை மச்சானிடம் நீட்டினேன். "நீங்களே எடுத்து வெச்சுடுங்க மச்சான். உங்க கைதானுங்களே."

அவர் அதை வலது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை மாட்டறதுக்குத் தாய்மாமன் எதுக்குங்க மாப்ளை? ஒரு ஆணி போதுமே."

பந்தல் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உருமாலை உதறினார்.

நுனியை மகனே நெற்றியில் பிடித்துக்கொண்டான். மச்சான் காலை இழுத்து இழுத்து அவனைச் சுற்றி வந்தார். முதல் சுற்று நின்றது. இரண்டாவதில் கால் தடுமாற, துணி தளர்ந்து, அவன் கண்ணை மூடி, மூக்கைத் தாண்டி, கழுத்தில் விழுந்தது. பெண்கள் பக்கம் ஒரு மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. மேலே தூக்கியிருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

தோளில் துண்டு வைத்திருந்தவர் ஓர் அடி முன்னே வந்தார்.

"வெயில் ஏறுதுங்க," என்றார் ஊருக்கு முறை சொல்லும் ஊர்க்கவுண்டர். "ஒரு முடிவுக்கு வாங்க."

மச்சான் பந்தல்காலில் முதுகைச் சாய்த்தார். வேர்வை புருவத்தில் நின்றது. இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விட்டுவிடட்டும் என்றும் நினைத்தேன்.

"எந்திரி சாமி," என்றார். "என்னால சுத்த முடியாது. நீ சுத்து."

துணியின் மறுநுனியை வலது மணிக்கட்டில் இறுக்கிச் சுருட்டிக்கொண்டார். அவர் கைக்கும் மகனின் நெற்றிக்கும் நடுவே துணி விறைத்து நின்றது. மகன் நின்ற இடத்தில் திரும்பினான். ஒரு சுற்று ஏற, ஓர் அடி மாமனிடம் நெருங்கினான்.

"மணையில உக்காந்து கட்டறதுதானுங்களே முறை?" என்றார் துண்டுக்காரர்.

ஊர்க்கவுண்டர் அவரைப் பார்க்காமலே கேட்டார். "துணி யாரு கையில இருக்குது?"

"அண்ணன் கையிலதானுங்க."

"அப்புறமென்ன?"

மகன் திரும்பிக்கொண்டே வந்தான். "கிறுகிறுங்குதுங்க மாமா."

"கல்யாணமின்னா அப்படித்தான் கண்ணு. சுத்து."

கடைசிச் சுற்றில் அவன் முகம் மாமனின் மார்பில் முட்டியது. மச்சான் மணிக்கட்டை அவிழ்த்து, நுனியைச் செருகினார். உருமால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அழகில்லை. மேளம் கிளம்பியது.

பெண்வீடு இருக்கும் தேவனூர் நாடு போகும்வரை வளைவுக்கு வளைவு நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அந்தத் தலையைத்தான் பார்த்தேன். காற்று அடித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். தாலியோடு அவன் குனிந்ததும் உருமால் கொஞ்சம் வழுக்கியது. என் மனைவியின் நகம் என் கையில் இறங்கியது. பின்னால் நின்ற மச்சானின் வலது கை தூக்கியபடி இருந்தது; தொடவில்லை. முடிச்சுகள் விழுந்தன. உருமால் நின்றது.

பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணிக்கட்டைச் சுற்றித் துணி இழுத்த சிவப்புத் தடம். சோற்றில் வைத்த விரல்கள் மடங்க மறுத்தன. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, பசியில்லாதவர் போல இலையையே பார்த்தார்.

என் மனைவி எதிரே வந்து மண்டியிட்டு, சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள்.

"எல்லாரும் பாக்கறாங்க," என்றார் மெதுவாக.

"பாக்கட்டும். வாயத் தொறங்கண்ணா."

மச்சான் வாயைத் திறந்தார்.